யாருடைய ஞாயிற்றுக்கிழமை? கணவனும் மனைவியும் நேரத்தைப் பிரித்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் கம்பத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால், ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். மாலையில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் அதே ஜீப்புகள் இறங்கி வரும். வீடு தமிழ்நாட்டிலும் பிழைப்பு கேரளத்திலுமாக வாழும் எங்கள் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில், கணவனும் மனைவியும் விழித்த கண்ணோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம்தான். சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பெரியவர்களுக்கான மாத்திரை, தொலைக்காட்சித் தொடர் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும்.

என் கணவர் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். நான் உத்தமபாளையத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எனக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. அவருக்கு ஞாயிறு மட்டும். திருமணமாகி முதல் நான்கு ஆண்டுகளில் எங்களுக்குள் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியவை. அவர் மொட்டை மாடியில் புறாக்களோடு இருப்பார். நான் கீழே ஆட்டுக்கறி வேகக் காத்திருப்பேன். “நாள் முழுக்க வீட்டுலதானே இருந்தேன்” என்று அவர் சொல்வதும், “யாரோட இருந்தீங்க?” என்று நான் கேட்பதும் வாராவாரம் நடக்கும். அவர் சொன்னதும் பொய் இல்லை, நான் கேட்டதும் தப்பு இல்லை என்பது பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சேர்ந்து செலவிடும் நேரத்தையும் தனித்தனியே செலவிடும் நேரத்தையும் பாதிக்குப் பாதி பிரிப்பதற்கான அட்டவணை எதையும் நான் இங்கே தரவில்லை. ஒருவருடைய தனி நேரம் பெரும்பாலும் மற்றவருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்பதும், அந்த உழைப்பை எண்ணாமல் போட்ட பங்கீடு ஒரு மாதம்கூட நிலைக்காது என்பதும் என் அனுபவம். ஆகவே இந்த வழிகாட்டி எண்ணுவதில் தொடங்குகிறது.

முதல் படி: இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு பழைய நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நாளை அரை அரை மணி நேரமாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும் இதே முறையைத்தான் கையாண்டது. அதில் நாள் என்பது விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடிந்தது. கணக்கு 30 நிமிடக் கட்டங்களில் எடுக்கப்பட்டது. ஜீப்பைப் பிடிப்பதற்காக நான்கு மணிக்கே அடுப்பு பற்றவைக்கும் பெண்கள் உள்ள ஊரில், நாளை ஆறு மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் கணக்கின் ஆரம்பத்திலேயே இரண்டு மணி நேரம் காணாமல் போய்விடும்.

அந்த ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களின் பங்கு பெண்களில் 81.2 விழுக்காடாகவும் ஆண்களில் 26.1 விழுக்காடாகவும் இருந்தது. உங்கள் வீட்டு நோட்டில் வரும் எண்கள் இதைவிட நன்றாகவோ மோசமாகவோ இருக்கலாம். எப்படி இருந்தாலும், முதல் இரண்டு வாரத்தில் எதையும் மாற்றாமலும் யாரையும் குறை கூறாமலும் எழுதுவதே முக்கியம். ஒருவர் எழுதியதை மற்றவர் பதினான்காம் நாள் வரை பார்க்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படி வைத்துக்கொள்ளாததால், மூன்றாம் நாளே அவர் “மார்க்கெட்டுக்குப் போய் வந்தது” என்பதை இரண்டு மணி நேர வீட்டு வேலையாக எழுதியிருப்பதைக் கண்டு, அதில் ஒன்றேகால் மணி நேரம் டீக்கடை என்று நான் திருத்தப் போய், நோட்டு பரணுக்கு ஏறியது. இரண்டு மாதம் கழித்துத்தான் மீண்டும் இறங்கியது.

இரண்டாம் படி: ஐந்து தலைப்புகளில் பிரியுங்கள்

எழுதி முடித்தபின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தை இடுங்கள். சம்பளம் தரும் வேலையும் அதற்கான பயணமும் முதல் தலைப்பு. வீட்டு வேலையும் பிள்ளை, பெரியவர் பராமரிப்பும் இரண்டாவது. இருவரும் கவனத்தோடு ஒன்றாகச் செய்தவை மூன்றாவது. ஒருவர் தன் விருப்பத்துக்காகத் தனியே செய்தது நான்காவது. ஐந்தாவதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்: ஒரே அறையில் இருந்தும் சேராத நேரம். அவர் கைப்பேசியில் ஏலக்காய் விலை பார்க்க, நான் தொடரைப் பார்த்தபடி முருங்கைக்கீரை ஆய்வதெல்லாம் இந்தக் கணக்கில் வரும். இது கெட்ட நேரம் இல்லை. களைத்த உடம்புக்கு அது தேவை. ஆனால், ஒருவர் அதைச் சேர்ந்த நேரமாகவும் மற்றவர் அதை ஒன்றுமில்லாத நேரமாகவும் எண்ணும்போதுதான் பேச்சு தடிக்கிறது.

எங்கள் முதல் கணக்கில் ஒரு வாரத்துக்கு அவருடைய தனி நேரம் பதினொரு மணி, என்னுடையது இரண்டரை மணி, உண்மையாகச் சேர்ந்திருந்தது ஒன்றரை மணி, சேராமல் பக்கத்தில் இருந்தது ஒன்பது மணி என்று வந்தது. அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இரண்டரையைவிட ஒன்பதுதான் அதிர்ச்சியாக இருந்தது.

சில வேலைகளை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்ற குழப்பம் வரும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தை மனைவியின் பொழுதுபோக்காகக் கணவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தவணைப் பணம் வசூலித்து, பதிவேடு எழுதி, வங்கிக்குப் போய்வரும் காரியத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்வது சரியில்லை. அதேபோல, உறவினர் வீட்டுத் துக்கத்துக்குக் கணவர் மட்டும் போய் இரவெல்லாம் பந்தலில் உட்கார்ந்திருப்பது அவருடைய தனி நேரமாகாது; அது குடும்பத்தின் கடமை.

மூன்றாம் படி: காவல் யார் என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான்காம் தலைப்பில் உள்ள ஒவ்வொரு தனி நேரத்துக்கும் எதிரே, அந்த நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்று எழுதுங்கள். குழந்தை தூங்கும்போது தாய் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவள் வெளியே போக முடியாது. கதவைத் திறந்துவைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம் ஓய்வு நேரம் ஆகாது. படுத்த படுக்கையாக மாமனார் இருக்கும் வீட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்.

பல வீடுகளில் கணவனின் தனி நேரத்துக்கு எதிரே மனைவியின் பெயரும், மனைவியின் தனி நேரத்துக்கு எதிரே மாமியார், தாய், மூத்த மகள் ஆகியோரின் பெயர்களும் இருக்கும். அதாவது மனைவி ஒரு மணி நேரம் நூலகத்துக்குப் போனால் அதை ஈடுசெய்வது கணவனாக இருப்பதில்லை. இன்னொரு பெண்ணாக இருக்கிறாள். பன்னிரண்டு வயது மகளின் பெயர் அந்தப் பத்தியில் அடிக்கடி வந்தால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். அவளுடைய படிப்பும் விளையாட்டும் இந்தக் கணக்கில் யாருமே எழுதாத செலவு.

இனிமேல் போடும் பங்கீட்டில் விதி இதுதான்: ஒருவருடைய தனி நேரத்துக்கு மற்றவரே காவல். காவல் என்றால் முழுக் காவல். குழந்தையின் பால் எங்கே, சீருடை உலர்ந்ததா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று வெளியே போனவருக்கு நான்கு முறை அழைத்துக் கேட்டால், வெளியே போனவர் வீட்டிலேயே இருந்ததற்குச் சமம். “உனக்கு உதவியாகப் பார்த்துக்கொண்டேனே” என்று பின்னால் சொல்லாமலிருப்பதும் காவலில் அடங்கும்.

நான்காம் படி: விருப்பங்களைத் தனித்தனியே எழுதுங்கள்

ஒரே தாளில் இருவரும் எழுத வேண்டாம். அவரவர் தாளில், செய்ய விரும்புபவற்றை எழுதி, ஒவ்வொன்றையும் சேர்ந்து செய்ய ஆசையா, தனியே செய்ய ஆசையா என்று குறியுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவருக்கும் பிடித்தவை, ஒருவருக்கு மட்டும் பிடித்தவை என்று இரண்டு பிரிவுகள் தானாகவே கிடைக்கும்.

இரண்டாவது பிரிவில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் பிடித்ததை “சேர்ந்து செய்வோம்” என்ற பெயரில் மற்றவர் தலையில் கட்டுவது அன்பின் அடையாளம் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் தம்பதியரைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கணவனுக்குப் பிடித்து மனைவிக்குப் பிடிக்காத பொழுதுபோக்கு, சேர்ந்து செய்யப்பட்டாலும் கணவன் தனியே செய்தாலும், மனைவியின் மனநிறைவின்மைக்குக் காரணமாகவும் அதன் விளைவாகவும் இருந்தது. அந்த நாட்டு வாழ்க்கை வேறு, நம் வாழ்க்கை வேறு என்பது உண்மை. ஆனாலும், ஐயம்பட்டி ஜல்லிக்கட்டில் உச்சி வெயிலில் கைக்குழந்தையோடு நின்று கணவனின் நண்பனுடைய மாட்டுக்குக் கைதட்டிய பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆய்வைப் படிக்காமலே அவள் முடிவைச் சொல்லிவிடுவாள்.

ஆகவே, ஒருவருக்கு மட்டும் பிடித்தவை தனி நேரப் பட்டியலுக்குப் போகட்டும். வருடத்துக்கு ஒரு முறை, மற்றவர் ஆர்வத்தோடு கேட்டால் மட்டும், உடன் அழைத்துச் செல்லலாம்.

ஐந்தாம் படி: தனி நேரத்தை முதலில் குறியுங்கள்

இது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரிசை இல்லை. முதலில் சேர்ந்த நேரம், மிச்சம் இருந்தால் தனி நேரம் என்று செய்வதே வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மிச்சம் எப்போதும் ஒருவருக்கே கிடைத்தது. ஆகவே இப்போது வாரத்துக்கு ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று தனி நேரத்தை முதலில் குறித்துவிடுகிறோம். அளவு இருவருக்கும் ஒன்று. நாளும் பொழுதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஞாயிறு காலை 6 முதல் 9 வரை புறாக்கள். எனக்கு ஞாயிறு மாலை 4 முதல் 7 வரை. அந்த மூன்று மணி நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதை அவர் கேட்பதில்லை. பெரும்பாலும் தோழியோடு சைக்கிளில் முல்லையாற்றங்கரை வரை போய்வருவேன். சில வாரம் தூங்குவேன். தூங்குவதற்கு எதற்குத் தனி நேரம் என்று கேட்ட என் மாமியாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வாரத்துக்கு மூன்று மணி நேரம் எல்லோராலும் முடியாது. ஆறு மாதக் குழந்தை உள்ள வீட்டில் ஆளுக்கு நாற்பது நிமிடம் என்று தொடங்கினாலும் போதும். இருவருக்கும் ஒரே அளவாக இருப்பதும், வாராவாரம் தவறாமல் நடப்பதுமே முக்கியம்.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. “எனக்குன்னு நேரமே இல்லை” என்பது புகார். அதற்குப் பதிலாகவும் ஒரு புகாரே வரும். “ஏங்க, ஞாயிற்றுக்கிழமை நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் எனக்கு வேணும். பாப்பாவுக்குப் பாலும் அத்தைக்கு மாத்திரையும் நீங்க பாத்துக்கணும்” என்று நாள், மணி, காவல் மூன்றையும் சேர்த்துச் சொன்னால், முடியும் அல்லது முடியாது என்ற பதில் கிடைக்கும். முடியாது என்று சொல்பவர் வேறு நேரத்தைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்குக் கேட்பது, வெளியே போகவிடாமல் தடுப்பது, கைப்பேசியைப் பிடுங்குவது, கை நீட்டுவது ஆகியவை நேரப் பங்கீட்டால் தீரும் காரியங்கள் இல்லை. அவற்றுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. எல்லைக்கு இரண்டு பக்கமும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் அழைக்கலாம்.

ஆறாம் படி: சேர்ந்த நேரத்தில் புதிதாக ஒன்று வையுங்கள்

சேர்ந்து செய்வதெல்லாம் ஒரே பலன் தருவதில்லை. 1993இல் ஆர்தர் ஆரன் உள்ளிட்ட உளவியலாளர்கள் 53 தம்பதியரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தங்களுக்கு உற்சாகம் தரும் செயல்களிலும், இன்னொரு குழு இனிமையான, பழகிய செயல்களிலும் பத்து வாரம் ஈடுபட்டன. மூன்றாவது குழுவுக்குத் தனியாக எதுவும் தரப்படவில்லை. உற்சாகமானவற்றைச் செய்த குழுவில்தான் மணவாழ்க்கை பற்றிய நிறைவு கூடியது. பழகிய இனிமைக்கு அந்த அளவு பலன் இல்லை.

ஒன்றரை மணி நேரம் என்ற அளவு நமக்கு எட்டக்கூடியது என்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன். காசு செலவழிக்கத் தேவையில்லை. இருவருக்கும் தெரியாத ஒன்றைச் சேர்ந்து கற்பது மிக எளிய வழி. நாங்கள் மலையாள எழுத்து கற்றோம். அவர் பத்தாண்டாக அந்த ஊரில் வேலை செய்து சரளமாகப் பேசுகிறவர். ஆனால் பேருந்துப் பலகையை வாசிக்கத் தெரியாது. எனக்குப் பேசவே வராது. பலகையை நான் அவருக்கு முன்னே வாசித்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி மலைக்குப் போவது இன்னொன்று. எல்லையில் நிற்கும் அந்தக் கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள்தான் மக்களை அனுமதிக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். பளியன்குடியிலிருந்து காட்டு வழியே நடந்தும் ஏறலாம். நடந்து போங்கள். மூச்சு வாங்கும் ஏற்றத்தில் யாரும் பழைய சண்டையை எடுப்பதில்லை. கண்ணகி வேங்கை மர நிழலில் பதினான்கு நாள் காத்திருந்து கோவலனோடு சேர்ந்த இடம் என்று சொல்லப்படும் மலைக்கு ஒரு தம்பதி சேர்ந்து ஏறுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கோவலன் அவளைக் காக்க வைத்தது அதற்கு முன்னும் நிறைய நாள் என்பதை ஏறும்போது நான் நினைவூட்டத் தவறுவதில்லை.

கூட்டுக் குடும்பத்தில் இருவர் மட்டும் வெளியே போவதே சங்கடமான காரியம்தான். “ஆஸ்பத்திரிக்கு” என்று சொல்லிவிட்டுத் தேக்கடிக்குப் போன தம்பதியர் எங்கள் தெருவிலேயே உண்டு. பொய் சொல்லிப் போனால் திரும்பி வரும்போது மாத்திரை வாங்கி வர வேண்டும். அதைவிட, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்களுக்கானது என்று ஒரு முறை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும். மூன்றாம் மாதம் “இன்னிக்குப் போகலையா?” என்று அவர்களே கேட்பார்கள்.

ஏழாம் படி: இரண்டு மாநில நாள்காட்டிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் இது. பொங்கலன்று கேரளத்தில் இடுக்கி, பாலக்காடு போன்ற தமிழர் மிகுந்த சில மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் கிடையாது. ஓணத்துக்கு அங்கே தொடர்ந்து சில நாள் கடைகள் அடைத்திருக்கும்போது இங்கே பள்ளியும் அலுவலகமும் நடக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு விடுமுறைப் பட்டியல்களையும் அருகருகே எழுதி, பொருந்தும் நாள்களைச் சேர்ந்த நேரத்துக்கும், ஒருவருக்கு மட்டும் விடுமுறையான நாள்களை அவரவர் தனி நேரத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். ஓணத்துக்கு அவர் வீட்டில் இருக்கும் நாள்களில் சமையலும் அவருடையது.

பருவங்களும் அதே தாளில் வரட்டும். ஏலக்காய் எடுப்பு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். ஏலக்காயின் ஏல விற்பனை கேரளத்தில் புற்றடியிலும் இங்கே போடிநாயக்கனூரிலும் நடப்பதால், கடைக்காரர்களுக்குத் தாமதமாகும் நாள்களை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும். நெல் விவசாயம் செய்யும் குடும்பங்களுக்கு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதம் தொடங்கி நடவு முடியும் வரை தனி நேரமும் இல்லை, சேர்ந்த நேரமும் இல்லை. இல்லை என்று முன்பே எழுதிவைத்துவிட்டால் அந்த வாரங்களில் ஏமாற்றமும் இல்லை.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைப் பருவம். குமுளிச் சாலையில் நெரிசல் கூடி, வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். வேலைக்குப் போய்வரும் நேரம் நீளும். கணவர் மாலை போட்டால் 41 நாள் விரதம். அதிகாலைக் குளியல், தனிச் சமையல், பூசைக்கான சுத்தம், வீட்டுக்கு வரும் சாமிகளுக்கு உணவு என்று அந்த நாள்களில் மனைவியின் வேலை கூடுகிறது. விரதம் அவருடையது, அதன் வேலையில் பாதி என்னுடையது என்று நான் சொன்னபோது அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, விரத காலத்துக்கு நான் செய்யும் கூடுதல் வேலையைக் கணக்கிட்டு, தை மாதத்தில் எனக்கு இரண்டு முழு நாள் என்று அவரே எழுதிவைத்தார். அந்த இரண்டு நாளில் நான் மதுரையில் என் அக்கா வீட்டில் இருப்பேன்.

எட்டாம் படி: 45 நாளுக்கு ஒரு முறை நோட்டைத் திறங்கள்

ஒரே செடியில் ஒரு முறை ஏலக்காய் எடுத்தபின் அடுத்த முறை எடுக்க ஏறத்தாழ 40, 45 நாளாகும். எங்கள் வீட்டில் அந்தச் சுற்றையே அளவாக வைத்திருக்கிறோம். வாராவாரம் பேசினால் சலிப்பு; ஆறு மாதம் விட்டால் மனத்தாங்கல் முற்றிவிடும். அன்று மூன்று கேள்விகள் போதும்: குறித்த தனி நேரத்தில் எத்தனை நடந்தது, காவல் இருந்தவர் முழுமையாக இருந்தாரா, சேர்ந்த நேரத்தில் எது அலுத்துவிட்டது? விட்டுப்போன மணி நேரங்களை அடுத்த சுற்றுக்குக் கடனாகக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒரு முறை அப்படி எழுதிவந்ததில் அவர் பெயரில் பத்தொன்பது மணி நேரம் சேர்ந்தது. அதை அடைக்க வழியே இல்லை என்று தெரிந்ததும் அவர் நோட்டைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். பழைய பாக்கியை அடித்துவிட்டு, அது ஏன் விட்டுப்போனது என்பதை மட்டும் பேசுங்கள்.

கடந்த சுற்றில் எங்கள் நோட்டில் இரண்டு மாற்றங்கள். மலையாள எழுத்து முடிந்துவிட்டதால் சேர்ந்த நேரத்துக்கு வேறொன்று தேட வேண்டும். புறாக்களில் ஒரு சோடியை மகள் தனக்கு வேண்டும் என்று கேட்டிருப்பதால், ஞாயிறு காலை மூன்று மணி நேரத்தை இனி எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர் கேட்கிறார். காவலும் அவரே, பொழுதுபோக்கும் அவரே என்பதால் இன்னும் முடிவு செய்யவில்லை; அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.